கேள்விக்குறிக்குப் பிறகு

ஃபஹாஹீலில் நான்காவது மாடி.
ஏசி இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி
ஷஹர்பான் கேட்கிறாள்:
முதல் பக்கத்தில் தேர்ந்தெடுத்த ஆளை
அடுத்த பக்கத்துக்கு எப்படிச் சொல்ல?

சொல்ல முடியாது என்கிறேன்.
ஒரு பக்கம் தன்னைக் காட்டி முடித்ததும்
செத்துப்போகிறது.
அடுத்தது பிறக்கும்போது
கையில் ஒன்றுமிருக்காது,
முகவரியைத் தவிர.
முகவரியிலேயே எழுதி அனுப்பு.
விடுப்பு, ஒரு கேள்விக்குறி,
அதன் பிறகு ஆளின் எண்.

போன மாதம் இக்காமா புதுப்பிக்கப் போயிருந்தேன்.
மூன்றாம் ஜன்னல்காரர்
என் பெயரை இரண்டு தடவை சரியாகச் சொல்லிப் பார்த்தார்,
எங்கள் ஊரில் மழையா என்றுகூட விசாரித்தார்.
ஏழாம் ஜன்னலுக்கு அதெல்லாம் தெரியாது.
சீட்டை நீட்டினேன்.
சீட்டில் இருந்த வரைக்கும்தான் நான்.

இதை ஷஹர்பானிடம் சொல்லவில்லை.
உதாரணம் சொன்னால் அவளுக்கு எரிச்சல் வரும்.

எண்ணோடு பெயரும் போகட்டும் என்றார்கள் மேலே.
தமிழில் பதிந்திருந்த ஒருவரை அனுப்பிப் பார்த்தோம்.
மாரி.
முகவரிக்கு அந்த எழுத்து ஆகாது.
சதவீதக்குறி, எண், சதவீதக்குறி, எண் என்று
இரண்டெழுத்துப் பெயர்
முப்பத்தாறு எழுத்து நீளத்துக்கு
வரிசையில் நின்றது.
அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும்
மறுபடி மாரியாகிவிட்டார், அது உண்மைதான்.
நடுவழியில் பெற்ற தாய் பார்த்திருந்தாலும்
அடையாளம் தெரிந்திருக்காது.

புதன்கிழமை ராத்திரி, தூசிக்காற்று.
மினா அப்துல்லா கேம்பிலிருந்து போன்.
"சார், சுடலைமணி பேசுறேன்.
என் லீவைத் திறந்தா எபனேசர் லீவு வருது."

செல்போனில் போன இணைப்பு
வரி மடங்கிய இடத்தில் அறுந்திருக்கிறது.
மீதியைக் கையால் அடித்திருக்கிறார்.
4117க்குப் பதில் 4118.

அவ்வளவுதான்.
எண்ணைக் கேட்டோம், எண் வந்தது,
கதவைத் திறந்துவிட்டோம்.
யாரப்பா நீ என்று
எங்கேயும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை நான்.

4118.
காரணம்: மனைவிக்குப் பிரசவம்.
நிலை: நிராகரிக்கப்பட்டது.
தேதி: ஒன்பது நாளுக்கு முன்.
மறுத்தால் ஆளுக்குத் தகவல் அனுப்பும் வேலை
அடுத்த மாதப் பட்டியலில் இருந்தது.

எபனேசர் அப்போது கீழ்க்கட்டிலில்
பெட்டியைக் கைத்தராசில் தொங்கவிட்டு
முப்பது கிலோவுக்கு மேலே போன டாங் பாட்டிலை
எடுப்பதா வைப்பதா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"நான் சொல்லட்டா சார்,
நீங்க சொல்றீங்களா?"

நான் சொன்னது:
போனை வைங்க, முதல்ல அந்த ஓட்டையை அடைக்கணும்.

அடைத்தோம். மூன்று வரி.
கேட்பவரும் எண்ணுக்கு உரியவரும் ஒருவரா?
இல்லையென்றால்
அப்படியொரு பக்கமே இல்லை என்று சொல்.
இருக்கிறது, உனக்கில்லை
என்றுகூடச் சொல்லாதே.
ஷஹர்பான் சோதித்துப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.
ஜன்னலில் மணல் உரசிக்கொண்டிருந்தது.

காலையில் பதிவேட்டைத் திறந்தேன்.
4118,
ஒன்பது பன்னிரண்டுக்கு ஒரு போனிலிருந்து.
ஒன்பது நாற்பதுக்கு இன்னொரு போன்,
இது உரியவருடையது, அனுமதி சரி.
ஒன்பது நாற்பத்தொன்று.
ஒன்பது நாற்பத்தொன்று.
பத்தேகால்.
விடிய மூன்று மணி வரை
பதினாலு தடவை.

ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம்
புதிதாகப் பிறந்து
சற்று முன் சொன்னது எதுவும் நினைவில்லாமல்
முதன்முதலாகச் சொல்வதுபோல்
அவரிடம் அதையே சொல்லியிருக்கிறது.